கழிதலும் கழித்தலும்: விசுவமடுவின் மின்பொருள்கள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

பழைய சொற்கள் வழக்கொழிந்து போவதையும் புதியவை வந்து சேர்வதையும் குற்றமென்று கொள்ளலாகாதென நன்னூலில் விதித்த பவணந்தி முனிவர், அவ்விடத்தே ‘கழித்தல்’ என்னாது ‘கழிதல்’ என்று தன்வினையாற் கூறியதன் நுட்பத்தை உரையாசிரியர்கள் போதியவாறு கவனித்தார்களில்லை என்பது எமது தாழ்மையான அபிப்பிராயம். கழித்தலுக்கு ஒரு கர்த்தா வேண்டும், கழிதலுக்கு வேண்டியதில்லை. முனிவர் விதித்தது சொற்களுக்கேயாயினும், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில் அமைந்த விசுவமடுவிலே, பழுதாய்ப்போன வானொலி, தொலைக்காட்சி, மின்விசிறி, கைத்தொலைபேசி முதலியவற்றின் கதியைச் சில காலம் உற்றுநோக்கிய எமக்கு, அவ்விதி அவற்றுக்கும் அட்சரம் பிசகாமற் பொருந்துவதாகவே தோன்றுகின்றது. இவ்வூரில் மின்பொருளை எவரும் கழிப்பதில்லை. அது தானே கழிகின்றது, அதுவும் ஆறுதலாக.

இதனை மறுக்க விரும்பும் பூர்வபட்சியார் அரசாங்க வர்த்தமானியைத் தூக்கிக்கொண்டு வருவர். 2008 பெப்ரவரி 1ஆம் திகதிய 1534/18ஆம் இலக்க வர்த்தமானி, இலத்திரனியற் கழிவுகளை ஆபத்தான கழிவுகளின் அட்டவணையிற் சேர்த்து, அவற்றைச் சேகரிப்போர் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் பெறவேண்டுமென விதித்தது மெய்யே. ஆயின் அவ்விதி பிறந்து ஓராண்டு நிறைவதற்குள், 2009ஆம் ஆண்டுத் தை மாதத்தில், யுத்தம் நெருங்கிவர, இவ்வூரார் தம் தொலைக்காட்சிகளை உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றி உடையார்கட்டுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தனர். தரித்த இடந்தோறும் பாரம் குறைந்தது. முள்ளிவாய்க்கால் வரை போனவர் கையில் மின்பொருள் என்று சொல்லத்தக்கது அநேகமாக எதுவும் இருக்கவில்லை. அதனை எமது ஆராய்ச்சியினின்றும் விலக்குகின்றோம். அது கழித்தலுமன்று, கழிதலுமன்று. அதற்கு இலக்கணத்தில் வேறொரு வினை வேண்டும்.

இவ்வூரார் எதனையும் எறியாமைக்குக் காரணத்தை ஆராயப் புகுவோர் இன்னும் பின்னே செல்லுதல் அவசியம். மிளகாய் இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்த எழுபதுகளில், செத்தல் விற்ற காசு மடியிற் கனத்த காலத்து இங்கே வந்த வானொலிகள், 1990ஆம் ஆண்டில் வன்னிக்கு மின்சாரம் நின்று, பற்றறியும் தடைப்பொருளாகியபோது, ஒரு சோதனைக்குள்ளாயின. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நீடித்த அவ்விருளிலே, துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாய் நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்னை வானொலிக்கு ஊட்டினார்கள். செய்தியைக் கேட்டவர் ஒருவர், செய்திக்காக வியர்த்தவர் வேறொருவர் என்பது அக்காலத்துத் தொழிற்பிரிவினை. உயிர் போன பற்றறிகள் வெயிலில் உலர்த்தப்பட்டு, ஆணியால் துளையிடப்பட்டு, உப்புத்தண்ணீர் பருக்கப்பட்டு, மீண்டும் ஒரு மாலைப்பொழுது பாடின. அதன் பின்பும் விடவில்லை: கோதைப் பிரித்து உள்ளிருந்த கரியை எடுத்துப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்குப் பூசினார்கள். இவ்வாறு செத்த பற்றறியிலிருந்தும் ஒரு பாடத்தைப் பெற்ற சமூகத்தை நோக்கி, பழுதான பொருளை எறிந்துவிடுக என்று உபதேசிப்பவர், யாருக்கு உபதேசிக்கின்றோம் என்பதை அறியாதவரே.

இனி விஷயத்தின் உள்ளே நுழைவோம். சைவசித்தாந்திகள் ஆன்மாவுக்குக் கூறும் ஐந்து அவத்தைகளும் மின்பொருளுக்கும் உள. சாக்கிரம் யாவரும் அறிந்தது. பொருள் விழித்து வேலைசெய்யும் நிலை. சொப்பனம் என்பது முதுகில் ஓங்கித் தட்டினால் மட்டும் படம் தெரியும் நிலை. எந்த இடத்தில், எவ்வளவு பலத்துடன் தட்டவேண்டும் என்ற இரகசியம் வீட்டில் ஒருவருக்கே தெரியும், பெரும்பாலும் கடைசிப் பிள்ளைக்கு. சுழுத்தியிலே பொருள் இயங்காது. ஆயினும் இடத்தை விட்டு அகலாது. பழைய தொலைக்காட்சி புதிய தொலைக்காட்சிக்கு மேசையாகும். குளிர்சாதனப் பெட்டி எலி புகாத அரிசிப் பெட்டியாகும். மின்விசிறியின் கம்பிக்கூடு கோழியிடமிருந்து கத்தரி நாற்றைக் காக்கும். ஒலிநாடா அவிழ்ந்து கச்சான் தோட்டத்தின் மேலே காற்றில் இரைந்து பறவைகளை வெருட்டும். பாட்டு எதுவாயினும் பறவைகளுக்குப் பேதமில்லை.

துரியம் என்பதுதான் நுட்பமான அவத்தை, ஆதலால் அதனிடத்துச் சற்றுத் தரித்து நிற்போம். பொருளைத் ‘திருத்தக் கொடுத்தல்’ என்பது அதன் பெயர். எறிய மனம் வராத, வைத்திருக்க இடமில்லாத பொருளைச் சந்தியிலுள்ள திருத்துமிடத்தில் ஒப்படைத்து, “அவசரமில்லைத் தம்பி, ஆறுதலாப் பாருங்கோ” என்று சொல்லிவிட்டு வருவது அதன் சடங்கு. கொடுத்தவர் திரும்பப் போவதில்லை, வாங்கியவர் அழைப்பதில்லை. இருவரும் கோயிலில் எதிர்ப்பட்டால் மழையைப் பற்றிப் பேசிக்கொள்வர். ஆண்டுகள் சில சென்றபின் அதன் உறுப்பொன்று வேறொருவர் வானொலிக்குள் புகுந்து பாடத் தொடங்கும். மறுபிறப்பை நம்பாதவர்கள் எமது ஊர்த் திருத்துமிடத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தல் நன்று. ஐந்தாவதாகிய துரியாதீதம் சொல்லுக்கு எட்டாதது, கடைசியிற் கூறுவோம்.

வெளிநாட்டுச் சம்பந்தத்தையும் இங்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விடுதல் முறையன்று. ஆபத்தான கழிவுகள் எல்லை கடந்து செல்வதைக் கட்டுப்படுத்த 1989இல் நிறைவேறிய பேசல் சமவாயம் கப்பல்களையும் கொள்கலன்களையும் எண்ணிச் செய்யப்பட்டதன்றி, கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வரும் மாமாவின் பயணப்பெட்டியை எண்ணிச் செய்யப்பட்டதன்று. அங்கே 120 வோல்ற்றில் வாழ்ந்த அரைக்கும் இயந்திரம் இங்கே 230 வோல்ற்றைச் சந்திக்கும் கணத்தில், சாக்கிரத்திலிருந்து சுழுத்திக்கு இடையில் எங்கும் தங்காமற் செல்கின்றது. அன்பளிப்பாதலின் அதை எறியவும் ஒண்ணாது. அடுத்த திருவிழாவுக்கு மாமா வந்து விசாரிப்பார்.

2022ஆம் ஆண்டில் உலகம் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்கழிவை உற்பத்தி செய்ததாகவும், அதில் நாலிலொன்றுக்கும் குறைவானதே முறைப்படி சேகரிக்கப்பட்டு மீட்கப்பட்டதாகவும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகின்றது. எஞ்சியதில் ஓர் அற்பப் பங்கு எமது அயல்வீட்டு அலுமாரியின் மேலே, உரப்பையிற் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றது என்பதை நேரிற் கண்டோம். அதே ஆண்டு பங்குனி 31இல் நாடு முழுவதும் 13 மணி நேரம் மின்சாரம் நின்று, இறக்குமதியும் தட்டுப்பட்டு, உதிரிப்பாகம் குதிரைக்கொம்பானபோது, அந்த உரப்பைகள் ஊரெங்கும் இறக்கி அவிழ்க்கப்பட்டன. “நான் அப்பவே சொன்னனான்” என்ற வாக்கியம் அந்நாட்களில் ஒலித்த அளவு வேறெந்நாளிலும் ஒலித்ததில்லை.

துரியாதீதத்துக்கு ஒரு பிரத்தியட்சப் பிரமாணம் காட்டி அமைவோம். ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கரவண்டியில் வந்த பழைய இரும்பு வியாபாரி, அயல்வீட்டு ஆச்சியின் பெட்டித் தொலைக்காட்சியை முற்றத்திலேயே பிரித்தார். செப்புக் கம்பிச் சுருளைத் தராசிலிட்டார். ஒரு கிலோவுக்கு மேலும் ஈயம் கலந்திருக்கக்கூடிய கண்ணாடிக் குழாயைத் தொடமாட்டேன் என்றார். அது வேலியோரப் பத்தைக்குள் உருட்டப்பட்டு, மறுநாளே ஓர் ஓணானுக்கு ஆசனமாயிற்று. வெறுங்கோது அடைகோழிக்கு ஒதுக்கப்பட்டது. காசை எண்ணிக் கொட்டைப்பெட்டியில் வைத்த ஆச்சி, வண்டி புறப்படுந் தறுவாயில் வியாபாரியை மறித்து, அவர் கையிலிருந்த மின்வடத்தை வாங்கி, முழங்கையிற் சுற்றிக்கொண்டு சொன்னார்:

“வயர் கிடக்கட்டும் மோனை. என்னத்துக்கும் உதவும்.”