நிலுவையின் சுறுசுறுப்பு

அலுவலகக் காரியங்களைத் தாமே வரிசைப்படுத்தி நடத்தும் கமுண்டா போன்ற மென்பொருள்களின் குணங்களுள் தலையாயது, மேலதிகாரியின் ஒப்புதலை எதிர்பார்த்து ஆறு மாதமாக அசையாமல் கிடக்கும் விடுப்பு விண்ணப்பத்தையும் 'இயக்கத்தில் உள்ளது' என்றே பட்டியலிட்டுக் காட்டும் அவற்றின் விசாலமான மனமேயாகும். 'நிறுத்திவைக்கப்பட்டது' என்றொரு நிலை தனியே உண்டு. ஆனால் அதற்கு யாரேனும் பிரயாசைப்பட்டு நிறுத்தியிருக்க வேண்டுமாதலால், எவருமே தொடாத காகிதத்திற்கு அந்த அவப்பெயர் சேராது.

இம்மென்பொருள்களிடம் நிலுவைகளைத் தேடி வினவுகிறவருக்கும் சிரத்தை வேண்டும். விண்ணப்பமொன்றின் தொகை எண்ணாகச் சேமிக்கப்பட்டிருக்க, 5000 என்பதை மேற்கோள் குறிகளுக்குள் அடைத்து எழுத்தாகக் கேட்டுவிட்டால், இயந்திரம் கோபிக்காது, பிழையென்றும் சொல்லாது. வெற்றுப் பட்டியலொன்றைப் பணிவோடு நீட்டும். அதைக் கண்டு, நிலுவையே இல்லையென்று கூட்டத்தில் பிரகடனம் செய்து கரகோஷம் பெறும் நிர்வாகிகள் பாக்கியசாலிகள்! முற்காலத்துக் குமாஸ்தா, பாவம், கோப்பைத் தேடவாவது எழுந்து நடந்தார்.

இத்தகைய வினவல்களைப் பிழையற எழுதவென்றே நிபுணர் ஒருவரை நியமிக்க ஒரு ஸ்தாபனம் தீர்மானித்து, அந்த உத்தரவையும் முறைப்படி அதே மென்பொருளின் வழியே அனுப்பியது. அது எந்த மேஜையில் நிற்கிறதென்று வினவி அறிவதற்குத்தான் இப்போது ஆள் இல்லை.