நுரை நிபுணர்

வெளிநாட்டுச் சவரச் சோப்பு வாங்குகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகத்துக்காரர் காசுள்ளவர். மரக்கிண்ணத்தில் வரும் லண்டன் சோப்பை ஒரு மாத மளிகைச் செலவைக் கொடுத்து வாங்கிவிட்டுப் "பிரமாதம்" என்பார். அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவ்வளவு பணம் கொடுத்த மனிதர் வேறு என்னதான் சொல்வார்?

நம்மவர் இரண்டாம் ரகம். சோப்பு வெளிநாட்டதாக இருக்க வேண்டும். அந்த நாட்டிலேயே மலிவானதாக இருக்க வேண்டும். நம் ஊரில் எளிதில் கிடைக்கவும் கூடாது. மூன்றும் கூடிவந்தால்தான் கையால் தொடுவார். "விலை உசந்த சோப்பு நல்லா இருக்கறதுல என்ன சார் அதிசயம்? அது அதோட கடமை" என்பது இவர் கட்சி.

வயது ஐம்பதைத் தாண்டியவர். வங்கியிலோ மின்வாரியத்திலோ உத்தியோகம். தாடி என்று பார்த்தால் கன்னத்துக்கு நாற்பது மயிர் தேறும். இந்த நாற்பதுக்காகத்தான் உலகச் சந்தையை அலசிக்கொண்டிருக்கிறார்.

இவருடைய பூகோளமே தனி. துருக்கி என்றால் ஆர்கோ. 1927இல் தொடங்கிய எவ்யாப் கம்பெனியின் 75 கிராம் குச்சிச் சோப்பு. தாளைப் பிரித்து, நனைந்த கன்னத்தில் நேராகத் தேய்க்க வேண்டியதுதான். அதன் வாசம் எலுமிச்சை என்று ஒரு கட்சி, கழிப்பறையில் போடும் வில்லை என்று இன்னொரு கட்சி. இவர் முதல் கட்சி. வீட்டார் அனைவரும் இரண்டாம் கட்சி. இத்தாலி என்றால் இரண்டு: மிலான் நகரத்துச் செல்லா, 1899 முதல் வருவது, பாதாம் வாசனை; ஃப்ளாரன்ஸ் நகரத்து ப்ரொராஸோ, பச்சை ட்யூப், யூகலிப்டஸும் மெந்தாலும். ஸ்பெயின் என்றால் கலீசியாக் கரையோரத் தீவின் பெயரைத் தாங்கிய லா தோஹா. அந்தந்த ஊரில் மூலைக்கடையில் தூசி படிந்து கிடக்கிற சாமான்கள்தான் இவை. அதைச் சொன்னால் கோபம் வராது, பெருமைதான் வரும். "அதான் சார் விஷயமே. அங்க நம்மள மாதிரி ஆளுங்க போடறது!"

உறவில் யாராவது விமானம் ஏறுகிறார் என்று காதில் விழுந்தால் போதும்.

"இஸ்தான்புல்ல எவ்வளவு நேரம்டா இருப்ப?"

"மூணு மணி நேரம், சித்தப்பா. ஏர்போர்ட்ட விட்டு வெளிய வரமாட்டேன்."

"உள்ளயே கடை இருக்குமே?"

"அங்க சென்ட்டும் சாக்லேட்டும்தான் சித்தப்பா இருக்கும்."

"அப்போ திரும்பும்போது ரெண்டு நாள் தங்கிட்டு வாயேன். நீயும் ஊரைப் பார்த்த மாதிரி இருக்கும்."

யாரிடம் எதைச் சொல்லி அனுப்புவது என்பதிலும் கணக்கு உண்டு. ப்ரொராஸோ ட்யூப் 150 மில்லி. 100 மில்லிக்கு மேற்பட்ட களிம்பைப் பல விமான நிலையங்களில் கைப்பையில் ஏற்ற விடமாட்டார்கள். ஆகவே கைப்பையோடு வருகிறவருக்குக் குச்சிச் சோப்பு. பெட்டி போடுகிறவருக்கு ட்யூப். சொன்ன பேச்சைக் கேட்கும் மருமகன் யாராவது இருந்தால், சலூன்காரர்களுக்காகச் செல்லா போடும் ஒரு கிலோ கட்டி. பாதாம் வாசம் வீசும் அந்தச் செங்கல் ஸ்கேனரில் எப்படித் தெரியும் என்பது மருமகன் கவலை.

சோப்பு வந்து சேர்ந்த மறுநாள் காலை வீட்டில் வேறு யாருக்கும் குளியலறை கிடையாது. முதலில் தண்ணீர்ப் பிரச்சினை. போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்து வெள்ளைப் பிசுக்காக்கிவிடும்; நுரை எழும்பாது. நம் ஊர் உப்புத் தண்ணீரில் சோதித்து இத்தாலிக்காரனுக்கு மார்க் குறைப்பது தர்மமில்லை என்று, குடிக்க வாங்கிய 20 லிட்டர் கேனைச் சாய்த்து ஒரு சொம்பு எடுத்துச் சுடவைப்பார். அடுத்து பாத்திரம். நுரை அடிப்பதற்கென்றே கிண்ணம் விற்கிறார்கள். அதற்குக் காசு கொடுப்பது கொள்கைக்கு விரோதம். காப்பி டவரா எதற்கு இருக்கிறது? ஊறவைத்த பன்றிமயிர் பிரஷ் அதில்தான் சுழலும்.

முதலில் வருவது வெறும் காற்றுக் குமிழி; அதை நுரை என்று ஒப்புக்கொள்ளமாட்டார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு அடிக்க அடிக்கக் குமிழி மறைந்து பளபளப்பு ஏறும். பிரஷைத் தூக்கினால் நுரையின் நுனி வளைந்து நிற்கும். அப்போது கதவைத் திறந்து, சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்துக்கொண்டிருக்கும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவார். தேங்காயெண்ணெய் தூக்கலான சோப்பு சட்டென்று பொங்கும், சட்டென்று அமுங்கும். ஸ்டியரிக் அமிலம் மிகுந்தது மெதுவாக எழும்பி நிலைத்து நிற்கும். பொட்டாஷ் காரம் சேர்ந்தால் சுலபமாகக் கரையும். வெறும் சோடாக் காரத்தில் செய்தது குளிக்கத்தான் லாயக்கு. இத்தனையையும் அந்த அம்மாள் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே கேட்பார்.

மார்க் நான்கு தலைப்புகளில்: வாசம், நுரை, வழுக்கல், சவரத்துக்குப் பின் முகம். இவற்றில் வழுக்கல்தான் பெரிய பரீட்சை. வழித்த இடத்தில் மறுபடி நுரை போடாமல் பிளேடை ஓட்டிப் பார்ப்பார். தடங்கலில்லாமல் ஓடினால் பாஸ். மயிர் போன போக்கில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை, எதிர்த்து ஒரு முறை. இவர் தாடி முதல் முறையிலேயே தீர்ந்துவிடும். மிச்ச இரண்டும் ஆராய்ச்சி.

கொழுப்பு விவகாரம் ஒன்று உண்டு. வீடு சுத்த சைவம். இவர் வாங்கி வைத்திருந்த ஆர்கோவிலும் செல்லாவிலும் இருந்தது விலங்குக் கொழுப்பு. அட்டையில் 'பொட்டாசியம் டாலோவேட்' என்று போட்டிருப்பதை மாமியார் எழுத்துக்கூட்டி, "இது என்ன மாப்பிள்ளை?" என்று கேட்டபோது, "ஒரு வகை உப்பு, அத்தை" என்றார். ரசாயனப்படி பொய்யில்லை. ஜெர்மனியில் 1959 முதல் வந்துகொண்டிருக்கும் தபாக், கொழுப்பைக் கைவிட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறியபோது, வெங்காயம்கூடச் சேர்க்காத இந்த மனிதர் துக்கம் காத்தார்.

குச்சிச் சோப்பைத் துருவிக் கிண்ணத்தில் அமுக்கி வைத்தால் பிரஷுக்கு வசதி என்று எங்கோ கேள்விப்பட்டார். வீட்டில் துருவி இருந்தது. வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவித்தான் வைத்தார். அன்று மதியம் கேரட் கோசுமல்லியை வாயில் வைத்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள். எலுமிச்சை கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான்.

இவரை நிலைகுலைய வைத்தது நியூஜெர்சியிலிருந்து வந்த ஒரு செய்தி. மருமகனின் அலுவலகத்தில் ஓர் அமெரிக்கருக்கும் இதே பைத்தியமாம். "இந்தியாவிலிருந்து யாராவது வந்தால் செவன் ஓ'கிளாக் பிளேடும் கோத்ரெஜ் ஷேவிங் க்ரீமும் வாங்கி வரச் சொல்லுங்கள்; விலை கொள்ளை மலிவு, இங்கே லேசில் கிடைப்பதில்லை" என்றாராம். நம்மவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தெருமுனைக் கடையில், அத்தனை வருஷமாகத் திரும்பிப் பார்க்காத அந்த ட்யூபைக் கையில் எடுத்து, மூடியைத் திறந்து, மூக்கருகே கொண்டு போனார். "சார், திறந்தா வாங்கணும்" என்றார் கடைக்காரர்.

ஒரு முறை பெரிய மனசு பண்ணி, தம் தெரு சலூன்காரருக்கு ஓர் ஆர்கோ கொடுத்துவிட்டுத் தீர்ப்புக்குக் காத்திருந்தார். அவர் நாலு பேருக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா தாடிய நல்லா ஊறவச்சுட்டா எந்த சோப்பும் ஓடும் சார்" என்றார். அன்றிலிருந்து நம்மவர் வேறு சலூன்.

சலூன்காரர் சொன்னதுதான் சரி. மயிரை இளக்குவது தண்ணீர். அந்தத் தண்ணீரை முகத்தில் பிடித்து வைத்து, பிளேடை வழுக்கிப் போகவிடுவதுதான் சோப்பின் வேலை. ஆகவே புதிதாகச் சவரம் தொடங்கும் பிள்ளைகளே, இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரில் முகத்தை நனையுங்கள். நல்ல பிளேடாகப் போடுங்கள். தெருமுனைக் கடைச் சோப்பே போதும். இதை அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். எந்த நாட்டு வெந்நீர் என்று கேட்பார்.