அடுக்குமாடியில் கிடார் ஆம்ப்: ஒரு கீழ்வீட்டியல் நோக்கு

முன்னுரை

உலகில் தோன்றிய உயிர்களுள் ஆறறிவு படைத்தவன் மனிதன். அம்மனிதருள் சிலர் எலெக்ட்ரிக் கிடார் வாங்குகின்றனர். வாங்கியவருள் பலர் அடுக்குமாடிகளில் குடியிருக்கின்றனர். இம்மூன்று பேருண்மைகளும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் இடமே இவ்வாய்வின் களம்.

ஆய்வு நோக்கம்: இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கம்பக்கத்தாரை எழுப்பாமல் வாசிக்க எவ்வகைச் சிறு ஆம்ப் ஏற்றது எனக் கண்டறிதல். கருதுகோள்: வாங்குபவர் வாட்டைப் பார்க்கிறார், பார்க்க வேண்டியது வேறு. ஆய்வு எல்லை: நான்கு சுவர்கள், ஒரு தரை. மேல்வீட்டார் கருத்துகள் விரிவஞ்சி விடப்பட்டன. ஆய்வின் பயன்: ஆய்வாளருக்குப் பதவி உயர்வுப் புள்ளிகள்.

இப்பொருளில் இதுவரை யாரும் ஆய்வு செய்ததில்லை. இந்த வாக்கியத்தை எல்லா ஆய்வேடுகளிலும் பார்க்கலாம். 'தேடிப் பார்க்கவில்லை' என்பதைப் பல்கலைக்கழகங்களில் இப்படித்தான் எழுதுவார்கள்.

தோற்றமும் வளர்ச்சியும்

எப்பொருளையும் கி.மு.வில் தொடங்குவது நம் மரபு. கிடார் ஆம்பை எவ்வளவு முயன்று தள்ளியும் 1920களுக்கு அப்பால் நகர்த்த முடியவில்லை. மேலதிகச் சான்றுகள் கடலுக்கடியில் இருக்கக்கூடும்.

தரையில் கிடைப்பனவற்றுள் மூன்று நமக்குப் பயன்படும். 1948இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டர் 'சாம்பியன் 800' என்ற சிறு பெட்டியைச் சந்தைக்கு விட்டார். எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று. ஐந்து வாட்டைத் தாண்டாத சக்தி. கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கென்று விற்றது. அதன் வாரிசான 'சாம்ப்' ஆம்பைத்தான் 1970இல் 'லேலா' இசைத்தட்டுப் பதிவுக்கு எரிக் கிளாப்டன் கொண்டுபோனார். அடுத்தது 1964. இங்கிலாந்தில் 'கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ், 'எல்பிகோ' என்ற அற்ப ஆம்பின் ஸ்பீக்கரைச் சவர பிளேடால் கிழித்தார். 'யூ ரியலி காட் மீ' பாட்டின் புகழ்பெற்ற கரகரப்பு அப்படி வந்தது. கரகரப்புக்குப் பெரிய பெட்டி வேண்டாம், பிளேடு போதும் என்பது இதனால் பெறப்படும்.

மூன்றாவது சான்று துயரமானது. லண்டன் ஹான்வெல்லில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962இல் ஆம்ப் செய்யத் தொடங்கினார். 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் வந்து இன்னும் சத்தம் வேண்டும் என்றார். 1965 வாக்கில் நூறு வாட் ஆம்ப் பிறந்தது. கீழ்வீட்டியலார் இதைக் களப்பிரர் காலத்துக்கு அடுத்த இருண்ட காலம் என்பர்.

வாட் இயல்

கடையில் கேட்கப்படும் முதல் கேள்வி, "பத்து வாட்டா, இருபது வாட்டா சார்?" இதற்கு விடை சொல்ல முயன்றே பல வாசிப்பாளர்கள் தோற்றுப்போகின்றனர். கேள்வியே பிழை.

வாட் இரட்டித்தால் சத்தம் இரட்டிப்பதில்லை. மூன்று டெசிபல்தான் கூடும். காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் வாட்டைப் பத்து மடங்காக்க வேண்டும். ஆகவே, டவுன்ஷெண்டின் நூறு வாட், பத்து வாட்டைவிடப் பத்து மடங்கு கத்துவதில்லை; இரண்டு மடங்கு கத்துகிறது. அந்த இரண்டு மடங்கே போதுமானது என்பாரும் உளர் (கீழ்வீட்டார், வாய்மொழி, மாடிப்படி).

இன்னொரு கணக்கு. நல்ல கிடார் ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 98 டெசிபல் வரை கேட்கும். நாம் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது 60 டெசிபல் அளவில். அந்த அளவுக்கு வாசிக்க இதே ஸ்பீக்கருக்கு ஒரு வாட்டில் ஆறாயிரத்தில் ஒரு பங்கு போதும். இந்நிலையில் இருபது வாட்டுக்கு அலைவது, ஒரு டம்ளர் தண்ணீருக்கு வீராணம் குழாயை வீட்டுக்குள் இழுப்பது. சிறிய, மலிவான ஸ்பீக்கர்கள் இவ்வளவு சத்தமாகப் பேசா. அவற்றுக்கும் ஒரு வாட்டின் சிறு துண்டே வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? ஒலி மாசு விதிகள், 2000இன்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். கீழ்வீட்டாரிடம் டெசிபல் மீட்டர் கிடையாது. அவருடைய அளவீட்டு முறை வேறு (கீழ்வீட்டார், கூரைவழித் தட்டல், துடைப்பக்கட்டைப் பதிப்பு, முதல் தட்டு).

சத்தம் குறைந்தால் கிடார் ஏன் சோகையாகிறது என்ற வினாவுக்கு விடை ஆம்பில் இல்லை, காதில் இருக்கிறது. 1933இல் ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் வெளியிட்ட வளைகோடுகள் காட்டுவது இதுதான்: ஒலி தாழத்தாழ நம் காது அடித்தொனியை விரைவாக இழக்கிறது. எனவே வால்யூமை இறக்கும்போது பேஸ் குமிழைக் கொஞ்சம் ஏற்றலாம். தொண்ணூறு ஆண்டுப் பழைய இந்தச் செய்தியை அறியாமல், "இந்த ஆம்பில் உயிர் இல்லை" என்று மூன்றாவது ஆம்ப் வாங்கப் போகிறவர்களை இவ்வாய்வாளர் அறிவார்.

வகைப்பாடு

வால்வு ஆம்ப்: கீழ்வீட்டில் யாரும் குடியில்லாதோர்க்கு.

பேட்டரி ஆம்ப்: ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் மார்ஷல் எம்.எஸ்.2 இடுப்புப் பட்டையில் தொங்கும். பென்சில் செல் ஆறு போட்டால் ரோலண்ட் மைக்ரோ க்யூப் எங்கும் வரும். மின்வெட்டு பற்றிய இயலில் விரிவாகக் காண்க. (அவ்வியல் எழுதப்படவில்லை.)

மேசை ஆம்ப்: யமஹா டி.எச்.ஆர். வரிசை 2011இல் வந்தது. எட்டு சென்டிமீட்டர் ஸ்பீக்கர் இரண்டு. பழைய பெரிய ஆம்புகளின் குரலை எல்லாம் தாழ்ந்த ஒலியிலேயே பேசும். பிறர் குரலில் மட்டுமே பேசுகிறது என்று சிலர் குறை கூறுவர். அவர்கள் நம் ஆய்வேடுகளைப் படித்ததில்லை போலும்.

ஹெட்ஃபோன் ஆம்ப்: வாக்ஸ் ஆம்ப்ளக் போன்றவை நேரே கிடாரிலேயே செருகப்படும். இதை ஏற்றுக்கொண்டால் ஆய்வு இங்கேயே முடிந்துவிடும் அபாயம் இருப்பதால் பின்னால் தள்ளப்படுகிறது.

இரைச்சற் சுருதி இயல்

இனி இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. ஆம்பைப் போட்டுவிட்டு வாசிக்காமல் இருந்தால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கும். அறியாதோர் இதை ஹம் என்பர். வீட்டு மின்கம்பிகளைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் கிடாரின் ஒற்றைச் சுருள் பிக்கப் பிடித்துக்கொள்வதால் வருவது என்று விளக்குவர். விளக்கம் சரி, பார்வை குறுகியது. அது சுருதி.

இந்திய மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டைச் சுருதியின் கீழ்க் குரல் 49 ஹெர்ட்ஸ். அதாவது நம் வீட்டுச் சுவரில் உள்ள ஒவ்வொரு பிளக்கும் ஐந்து கட்டைக்கு மேலே, ஐந்தரைக்கு எட்டாமல், அரைச்சுர இடைவெளியில் மூன்றிலொரு பங்கு ஏறி நிற்கிறது. கர்நாடக சங்கீதப் பாடகியர் பலர் ஐந்து, ஐந்தரையில் பாடுவது தற்செயலா? மின்சாரம் வருவதற்கு முன்பே அவ்வாறு பாடினர் என்று மறுப்போர் உளர். முன்னோர்க்குத் தெரிந்திருந்தது என்று அவர்க்கு விடை இறுக்க.

அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அது ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நட்ட நடுவில் விழுகிறது. எந்த ஆர்மோனியத்திலும் அதற்குக் கட்டை இல்லை. ஆனால் 50க்கும் 60க்கும் உள்ள விகிதத்தை நோக்குக: ஐந்துக்கு ஆறு. நம் சுரக் கணக்கில் ஸட்ஜமத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள விகிதம் அதுவே. இந்தியா ஸட்ஜமம் பிடிக்க, அமெரிக்கா காந்தாரம் பிடிக்கிறது என்பது வெள்ளிடைமலை (கீழ்வீட்டார், கூரைவழித் தட்டல், துடைப்பக்கட்டைப் பதிப்பு, இரண்டாம் தட்டு, திருத்தியதும் விரித்ததும், இரவு 10.40, பின்னணியில் குழந்தை அழுகை).

ஜப்பானில் இரண்டும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மானிய ஜெனரேட்டர் வாங்கியது, ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர் வாங்கியது. இன்றுவரை கிழக்கு ஜப்பான் 50, மேற்கு ஜப்பான் 60. ஒருவர் டோக்கியோவில் புல்லட் ரயில் ஏறி ஒசாகாவில் இறங்கி ஆம்பைப் போட்டால், ஒரு கம்பியையும் தொடாமலே காந்தாரம் ஏறியிருப்பார். இதற்கிணையான சஞ்சாரம் இசையுலகில் வேறில்லை.

தமிழர்க்குரிய செய்தி இனிமேல்தான். 2013 டிசம்பர் 31ஆம் நாள், ரெய்ச்சூர் – சோலாப்பூர் உயர் அழுத்தத் தடம் வழியாகத் தென்மண்டல மின்தொகுப்பு நாட்டின் பிற தொகுப்புகளோடு இணைக்கப்பட்டது. அதற்குமுன் தென்னகத்தின் அலைவெண் தனியாக அசைந்துகொண்டிருந்தது. அதாவது நமக்கென்று தனிச் சுருதி இருந்தது. அன்று முதல் கன்னியாகுமரி ஆம்பும் காஷ்மீர் ஆம்பும் ஒரே சுருதியில் முனகுகின்றன. இந்தப் பண்பாட்டு இழப்பைப் பற்றி ஒரு கருத்தரங்கம்கூட நடக்கவில்லை. நடந்தால் கட்டணம் செலுத்தி, ஆய்வுக்கோவையில் இடம்பெற இவ்வாய்வாளர் ஆயத்தமாக உள்ளார்.

கிடாரைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியோடு மெல்லத் திரும்பினால் சில திசைகளில் முனகல் கூடும், சில திசைகளில் குறையும். பிக்கப்பின் கோணம் மாறுவதே காரணம் என்பது பொறியாளர் கட்சி. வாஸ்து நூலார் கட்சியை அவர்கள் கேட்கவில்லை. 1955இல் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர், ஒன்றுக்கொன்று எதிரான இரு சுருள்களைச் சேர்த்து முனகலைத் தீர்த்துக்கட்டும் ஹம்பக்கர் பிக்கப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். சுருதிப்பெட்டியை மூடிய அந்த மனிதரை வரலாறு ஏனோ கொண்டாடுகிறது (மேற்படியார், மேற்படி கட்டை, மூன்றாம் தட்டு, ஒப்புநோக்குக: அழைப்பு மணி, நெடிலளபெடை, மேலும் காண்க: சங்கச் செயலாளர், வாட்ஸ்அப் குழு, பெரிய எழுத்தில், யாரையும் குறிப்பிடாமல்).

களஆய்வு

ஆம்பைத் தரையில் வைத்தால் அடித்தொனி தரைவழியே இறங்குகிறது. நாற்காலியில், காது உயரத்தில் வைத்தால், இறங்குவது குறையும். வாசிப்பவருக்கும் தெளிவாகக் கேட்கும். தெளிவாகக் கேட்டால் வால்யூமை ஏற்றத் தோன்றாது. பல ஆம்புகளில் வால்யூம் குமிழ் பூஜ்யத்துக்கு அருகில் ஊமையாக இருந்து, ஒரு நூல் திருப்பியதும் அலறும். குமிழில் பத்துக்கு மேல் என்ன எண் இருக்கிறது என்பது ஆய்வுக்கு உரியதன்று. 1984இல் வந்த 'திஸ் இஸ் ஸ்பைனல் டேப்' என்ற நையாண்டிப் படத்தில் பதினொன்று வரை போனார்கள். நமக்கு வேண்டியது பூஜ்யத்துக்கும் இரண்டுக்கும் இடையில் வழுக்காமல் நகரும் குமிழ். கெயினுக்குத் தனிக் குமிழும் மாஸ்டர் வால்யூமுக்குத் தனிக் குமிழும் இருந்தால், முன்னதை ஏற்றிப் பின்னதை இறக்கி, கரகரப்பை மெல்லிய குரலிலேயே பெறலாம். பிளேடு தேவையில்லை.

ஹெட்ஃபோன் மாட்டி வாசித்த பின்னும் தட்டல் தொடர்ந்த நேர்வு ஒன்று பதிவாகியுள்ளது. தாளத்துக்குத் தரையில் போட்ட வலது குதிகாலே காரணம் எனத் தெரிய வந்தது. பாய் விரித்தபின் இலக்கியம் ஓய்ந்தது.

முடிவுரை

முடிவுரையில் முன்னுரையைத் திரும்ப எழுதுவது மரபு. பக்கம் போதவில்லை.

ஆகவே வாங்கப் போவோர் செய்ய வேண்டியது: கடையில் இருப்பவர் குமிழை முறுக்கிக் காட்டும்போது கைகட்டிக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். அவரோடு சாதாரணக் குரலில் பேச முடிகிற அளவுக்கு இறக்கச் சொல்லுங்கள். வீட்டில் அடிக்கடி வாசிக்கும் ஒன்றை, 'இளைய நிலா' முன்னிசையாகவே இருக்கட்டும், அந்த அளவிலேயே வாசித்துப் பாருங்கள். அங்கே நன்றாகக் கேட்கும் பெட்டியை வாங்குங்கள். அது மூன்று வாட்டா பத்து வாட்டா என்று பில்லில் பார்த்துக்கொள்ளலாம். ஹெட்ஃபோன் துளை இல்லாத ஆம்பை, எவ்வளவு தள்ளுபடி தந்தாலும், அடுக்குமாடியில் இருப்பவர் தொட வேண்டாம்.