வண்டி போகாத கரை

பொன்முடிக்குப் போகிறவர்கள் விதுரா தாண்டியதும் கல்லாற்றில் ஒருமுறை இறங்குவார்கள். 22 கொண்டை ஊசி வளைவுகளும் அதற்குப் பிறகுதான். செம்முஞ்சி மொட்டைப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கி வாமனபுரம் ஆற்றோடு சேரும் தண்ணீர் இது. கோடையில் குளிர்ந்து தெளிந்து உருளைக்கற்களுக்கு நடுவே ஓடும். மேலே மழை பெய்தால் கீழே நிற்பவனுக்குத் தகவல் வருமுன் வெள்ளம் வந்துவிடும். வட்டக்கயத்தில் குளிக்க இறங்கித் திரும்பாதவர்கள் பலர். எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, அதன் கீழேயே துணி மாற்றிக்கொண்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்தச் சாலையோரத்தில் இப்போது அதிகம் காதில் விழும் விளம்பரம் ஒன்று: வண்டி போகாத இடத்தில் ஓர் இரவு. படகில் போகலாம், நடந்து போகலாம். கரண்ட் கிடையாது, போன் கிடையாது, ஏரிக்கரையில் கூடாரம். வாரக் கடைசியில் இடம் கிடைப்பதில்லை என்கிறார்கள். நான் பையனாக இருந்தபோது இதே மலைகளில், இதே மாதிரிக் கரையில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். அப்போது வண்டி போகாத இடம் என்றால் யாரும் போக விரும்பாத இடம்.

எங்கள் ஊர் விளவங்கோடு தாலுகா. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண். மாநில எல்லை மாறினாலும் மலைக்குப் போகிற வழி மாறவில்லை. அம்மாவின் தம்பி நல்லமிளகு வாங்கி விற்கிறவர். நெய்யாற்று அணைக்கு மேலே, தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்த காணிப் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு மிளகு பறிக்கும் காலத்தில் போய் வருவார். பள்ளிக்கூடம் லீவு என்றால் பையன்கள் நாங்களும் தொற்றிக்கொள்வோம்.

நெய்யாறு அணை 1958-ல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் சுற்றியிருந்த காடு சரணாலயமாகவும் ஆனது. தண்ணீர் பள்ளத்தாக்கில் ஏறி நின்றபோது, அதுவரை நடந்துபோன ஒற்றையடிப் பாதைகள் அடியில் போய்விட்டன. குடியிருப்புகளுக்குப் போக இரண்டே வழிதான் மிச்சம். நீர்த்தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு யானைக்காட்டுக்குள் நாள் முழுக்க நடக்க வேண்டும், அல்லது தண்ணீரைக் கடக்க வேண்டும். காணிக்காரர்கள் சங்காடம் என்ற மூங்கில் தெப்பத்தில் கடந்தார்கள். அரிசி, மண்ணெண்ணெய், உப்பு, கருவாடு என்று எல்லாச் சாமானும் அதில்தான் போகும். பிரசவ வலி வந்த பெண்ணும் அதில்தான் வருவாள்.

எங்களைக் கூட்டிப்போன காணிக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மாமா அவரை மூப்பரே என்பார், நாங்கள் பாட்டா என்போம். மதியத்துக்கு மேல் நீர்த்தேக்கத்தில் காற்றுக் கிளம்பிவிடும். கிளம்பிவிட்டால் பாட்டா சங்காடத்தை இறக்க மாட்டார். எத்தனை அவசரம் சொன்னாலும் நடக்காது. அப்படித்தான் கரையில் இரவுகள் கழிந்தன. தங்க வேண்டும் என்று யாரும் திட்டம் போட்டுப் போகவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது, தங்கினோம்.

எங்கே படுப்பது என்பதை அவர் முடிவு செய்த விதம் இன்றும் எனக்குப் பாடம். நீர்த்தேக்கத்தில் தண்ணீர் குறைந்திருக்கும் மாதங்களில் காட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே புல் முளைக்காத செம்மண் பட்டை ஒன்று தெரியும். சமதளமாக, சுத்தமாக, படுக்க வா என்று கூப்பிடுவது போலிருக்கும். நாங்கள் ஓடிப்போய் அங்கே துண்டை விரித்தோம்.

“மக்களே, அங்கண படுக்கப்பிடாது. அது வெள்ளத்துக்க இடம். மேல பெஞ்சா ராத்திரியே ஏறி வரும்.”

சரி என்று மேலே, மரங்களுக்கு நடுவே திறந்து கிடந்த ஒரு வழிக்குப் போனோம். அதற்கும் தலையை ஆட்டினார். அது ஆனைத்தாரை. கீழே தண்ணீர் குடிக்க யானைகள் தலைமுறை தலைமுறையாக இறங்கும் பாதை. குனிந்து யானைப் பிண்டத்தைக் கையால் பிட்டுப் பார்த்தார். உள்ளே ஈரம் இருந்தது. தாரையிலிருந்து விலகி, பெரிய பாறை ஒன்றின் மேற்புறத்தில் இடம் காட்டினார். முதுகுக்குப் பாறை, எதிரே தீ, காற்று எங்களிடமிருந்து காட்டை நோக்கி வீசாத பக்கம். ராத்திரி மூன்று கல் கூட்டி மரச்சீனி வேகவைத்து, காந்தாரி மிளகாயும் உப்பும் சதைத்துத் தொட்டுக்கொண்டோம். மேலே கட்டன் சாயா. அட்டைக்குச் சுண்ணாம்பும் புகையிலையும் காலில் தேய்த்திருந்தோம். தீ பெரிதாக எரிய அவர் விடவில்லை. விடிய விடியக் கனன்றால் போதும். காலையில் சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கையை வைத்துப் பார்த்து, சூடு இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூட்டையைத் தூக்கினார்.

தண்ணீருக்குள் அங்கங்கே பட்டுப்போன மரங்களின் குத்திகள் நின்றன. நீர்க்காகங்கள் அவற்றில் சிறகு விரித்து உட்கார்ந்திருக்கும். எங்களுக்கு அது வேடிக்கை. பாட்டா ஒரு குத்தியைக் காட்டி, அதற்குப் பக்கத்தில்தான் அவருடைய அப்பாவின் மரச்சீனித் தோட்டம் இருந்தது என்றார். அந்த அணையிலிருந்து இடதுகரைக் கால்வாய் வழியாகத்தான் எங்கள் விளவங்கோட்டு வயல்களுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. 2004-க்குப் பிறகு அதுவும் நின்று, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது தனிக் கதை. அன்று எனக்கு இந்தக் கணக்கு புரியவில்லை. எங்கள் வீட்டுச் சோறு அவர் தோட்டத்தின் மேல் நின்ற தண்ணீரில் விளைந்தது.

அக்கா மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். நண்பர்களோடு கல்லாற்றுக்கு வந்தவன், அருகே ஒரு நீர்த்தேக்கத்தை ஒட்டிய தனியார் முகாமுக்கு என்னையும் வற்புறுத்திக் கூட்டிப்போனான். சாமான்கள் நல்லவை, மறுக்க மாட்டேன். மழை புகாத கூடாரம், நெற்றியில் கட்டும் விளக்கு, எல்லோருக்கும் உயிர்காப்பு உடை. அன்று சங்காடத்தில் எங்களிடம் அது இருந்ததில்லை. ஆனால் கூடாரங்களை வரிசையாகச் செம்மண் பட்டையில் அடித்திருந்தார்கள், தண்ணீரிலிருந்து பத்தடி தூரத்தில். படம் அழகாக வரும் என்பதற்காக. ஆள் உயரத்துக்கு நெருப்பு. இரவு பதினொரு மணி வரை ஸ்பீக்கர் பாடியது.

“மாமா, இங்க நெட்வொர்க்கே கிடையாது. அதுதான் இதோட விசேஷம்” என்றான் மருமகன். அவன் நாள் முழுக்கத் திரையைப் பார்த்துப் பிழைப்பவன். அந்த ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

கோழி சுட்டுக்கொண்டிருந்த பையன் இதைக் கேட்டுச் சிரித்தான். காணிக் குடியிருப்பைச் சேர்ந்தவன். 2020-ல் பள்ளிக்கூடம் மூடிப் பாடமெல்லாம் போனுக்கு வந்தபோது அவன் பத்தாம் வகுப்பு. சிக்னல் கிடைக்கிற பாறைக்கு ஏறி, மழையில் குடை பிடித்துப் பாடம் கேட்டவர்களில் ஒருவன். பாறைக்குப் போகிற வழியில் கரடி கண்டதும் தங்கையை அனுப்புவதை நிறுத்திவிட்டார்களாம். நெட்வொர்க் இல்லாததற்கு நாங்கள் கட்டணம் கட்டியிருந்தோம், அவன் வீட்டில் அதற்கு ஒரு வருஷப் படிப்பைக் கொடுத்திருந்தார்கள்.

கல்லாற்றுக்காரர்களுக்கு இந்த முரண் புதிதல்ல. லட்சுமிக்குட்டி அம்மா இங்கேதான் காட்டுக்குள் இருப்பவர், காணி இனத்து வைத்தியர். பாம்புக்கடிக்கு அவரிடம் வந்தவர்கள் ஏராளம். 2018-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது நாடே அவர் குடிசையைப் படம் பிடித்தது. அந்தக் குடியிருப்புக்கு 1952-லேயே அனுமதியான சாலை வரவில்லை என்பதையும் பத்திரிகைகள் எழுதின. அவர் மகன் ஒருவர் யானை தாக்கி இறந்தவர். ஓலைக் கூரை, மூலிகை, வண்டி போகாத வழி என்று படத்தில் அழகாக வந்த அதே வழியில்தான் அந்த வீட்டுத் துக்கமும் நடந்தது.

எங்கள் மாவட்டத்தில் பேச்சிப்பாறையிலும் இதே நிலைதான். 1906-ல் முடிந்த அணை. நூறு ஆண்டு தாண்டியும் மறுகரைக் காணிகளில் பலர் ரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் படகையே நம்பியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட கரையில் தங்குவதற்கு விதி எழுதிய இடமும் உண்டு. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் வடக்கே, பெரும்பாலும் படகிலேயே திரியும் ஏரிக்காடு அது, பவுண்டரி வாட்டர்ஸ். அங்கே இரவு தங்க அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு குழுவில் 9 பேருக்கு மேல் கூடாது, 4 படகுக்கு மேல் கூடாது. ஒதுக்கிய இடத்தில்தான் கூடாரம், இரும்புத் தட்டி வைத்த அடுப்பில்தான் தீ. கண்ணாடிப் பாட்டில் கொண்டுபோக முடியாது. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. பாட்டா வாயால் சொன்னதை அங்கே சட்டமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த ஏரிகளில் ஓஜிப்வே என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறைகளாகத் துடுப்புப் போட்டவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இங்கே விலை கொடுத்துத்தான் கற்றுக்கொள்கிறோம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீ மலையேறப் போன 23 பேரைக் கொண்டுபோனது. 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை கொன்றது. இரண்டுக்கும் பிறகு கெடுபிடி வந்தது. தமிழ்நாட்டில் 2024-ல் வனத்துறை அறிவித்த 40 மலையேற்றப் பாதைகளில் அந்தந்தப் பகுதிப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். நல்ல தொடக்கம். அகத்தியர்கூடத்துக்குக் கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்து ஏறுகிறவர்களுக்கும் வழிகாட்டி உண்டு. 1868 மீட்டர் உயர மலைக்கு ஜனவரி முதல் சில வாரங்களுக்கு மட்டும், தினம் இத்தனை பேர் என்று கணக்கு வைத்து விடுகிறார்கள். ஏரிக்கரைக்கு ஏன் அந்தக் கணக்கு இல்லை?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இளைஞர்கள் வரட்டும். சாலை இல்லாத கரையில் ஓர் இரவு படுத்தவன் காட்டை வேறு கண்ணால் பார்ப்பான், நான் அப்படி வளர்ந்தவன். ஆனால் எங்கே படுப்பது, எவ்வளவு தீ, எத்தனை பேர் என்பதை அந்தக் காட்டுக்காரன் சொல்ல வேண்டும், முகாம் நடத்துகிறவன் அல்ல. கோழி சுடுகிற வேலைக்கு அவனை வைத்துக்கொண்டு, தாரை எங்கே என்று அவனிடம் கேட்காமல் இருப்பது அபாயம், அவமரியாதையும்கூட. 2006 வன உரிமைச் சட்டம் அவன் ஊரின் கிராம சபைக்குக் காட்டைக் காக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. அந்தச் சபைக்குத் தெரியாமல் ஒரு கூடாரமும் கரையில் எழக்கூடாது. வருகிற பணத்தில் முதல் பங்கு அந்தச் சபைக்குப் போக வேண்டும்.

மறுநாள் காலை அந்தப் பையனிடம், ஊருக்கு ரோடு வந்தால் இந்த முகாமுக்கெல்லாம் ஆள் வருமா என்று கேட்டேன். பஸ் வருகிற ரோடு யாருக்கு வேண்டும் என்றான். காடு போய்விடும், பின்னால் எஸ்டேட்காரன் வருவான். ஜீப் ஏறுகிற அளவுக்கு வழி, நடுவில் ஓடுகிற தோட்டுக்கு ஒரு பாலம், ராத்திரியில் கூப்பிட்டால் வருகிற இன்ஜின் படகு ஒன்று, அவ்வளவுதான் கேட்கிறோம் என்றான். முகாமுக்குச் சொந்தமாக இரண்டு இன்ஜின் படகு கரையில் கட்டிக் கிடந்தன. ராத்திரியில் அவற்றை எடுக்க அனுமதி இல்லையாம்.