துண்டுக்குள் கை

என் படநோட்டில் உள்ள ஆண்கள் அத்தனை பேரும் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் நிற்பார்கள். மார்கழியில் வரைந்தவர் சரி, சித்திரை வெயிலில் வரைந்தவரும் அப்படியே. எங்கள் ஊர் பொட்டிபுரத்தில் அப்படியொன்றும் குளிர் கிடையாது. எனக்குக் கை வரைய வராது, அவ்வளவுதான்.

வேட்டி கட்டுகிற ஊரில் பிறந்தது என் பாக்கியம். இடுப்புக்குக் கீழே ரெண்டு கோடு, நடுவில் ஒரு மடிப்பு, வேலை முடிந்தது. முழங்கால் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை. பாதம் மட்டும் வெளியே தெரிந்து தொலைக்கும். அதற்குப் புல் வைத்திருக்கிறேன். போடி பஸ் ஸ்டாண்டில் தார் ரோட்டில் நிற்கிறவர் காலடியிலும் என் நோட்டில் புல் முளைத்திருக்கும்.

ரெண்டு வருடத்துக்கு முன்னால், நாற்பத்தாறு வயதில், மகள் பாதியில் விட்ட ட்ராயிங் நோட்டை எடுத்தபோது பிடித்த பித்து இது. கிமோன் நிக்கொலைடஸ் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியரின் புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்தது. 1941இல், அவர் இறந்த பிறகு வந்தது. மொத்தம் 25 பாடத்திட்டம், ஒவ்வொன்றுக்கும் 15 மணி நேரம், ஆக 375 மணி நேரம் வரைந்தால் கை படியும் என்கிறார். தினம் அரை மணி என்றால் 750 நாள். கணக்குப்படி இந்நேரம் நான் முடிக்கும் தறுவாயில் இருக்க வேண்டும். மூன்றாவது பாடத்தில் இருக்கிறேன். பென்சில் சீவிய நேரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் எப்போதோ முடித்தாயிற்று.

அவருடைய முதல் பாடமே எனக்கு ஒத்துவரவில்லை. ஒருவரைப் பார்த்துக்கொண்டே, தாளைப் பார்க்காமல், ஓரத்தைக் கண்ணால் தடவிக்கொண்டு போவது போலக் கோடு இழுக்க வேண்டும். டீக்கடை மாஸ்டரை அப்படி வரைந்தேன். குனிந்து பார்த்தால் மூக்கு காதுக்குப் பக்கத்தில் இருந்தது. மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "பாய்லரா அண்ணே?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அளவு அடுத்த தொல்லை. முகத்தில்தான் நமக்குக் கண் நிற்கிறது. அதனால் பழகாத கை தலையைப் பெரிதாகப் போட்டுவிடுகிறது. தாளில் மிச்சமிருக்கிற இடத்துக்குள் உடம்பு அடங்கியாக வேண்டும். நம் சிற்ப சாஸ்திரத்தில் இதற்குத் தாளக் கணக்கு உண்டு, முகத்தின் நீளம் ஒரு தாளம். சிவன், விஷ்ணு போன்றவர்களுக்கு உத்தம தசதாளம், 124 அங்குலம், தேவியருக்கு 120. சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்தே அந்த அளவுகளைக் குறித்துக்கொள்கிறார்கள். பிள்ளையாருக்கு மட்டும் பஞ்சதாளம், முகத்தைப்போல் ஐந்து மடங்கு உயரம். ஒருநாள் ஆசையாக என் பழைய படங்களை அளந்து பார்த்தேன். பஞ்சாயத்துத் திண்ணையில் உட்காருகிற பெரியவர்கள் முதல் ஜீப் டிரைவர்கள் வரை ஊரே பஞ்சதாளத்தில் இருந்தது. தும்பிக்கை ஒன்றுதான் குறை.

பொட்டிபுரம் என்றதும் வெளியூர்க்காரர்கள், "நியூட்ரினோ ஊரா?" என்பார்கள். அம்பரப்பர் மலையைக் குடைந்து, ஏறக்குறைய 50,000 டன் இரும்பில் கருவி வைத்து நியூட்ரினோ என்ற துகளை ஆராய்வது என்று 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எதிர்ப்பும் வழக்குமாகி மலை இன்னும் மலையாகவே நிற்கிறது, நல்லது. அந்தத் துகள் நொடிக்குக் கோடானுகோடியாக நம் உடம்புக்குள் புகுந்து, எதிலும் முட்டாமல் போய்விடுமாம். என் பென்சிலும் அதே ரகம். மனித உடம்பு வழியாகப் போகும். எலும்பிலோ தசையிலோ பட்டுவிடாது.

உயிரோட்டமாக வந்த ஒரே பக்கம் போடிமெட்டு பஸ்ஸில் வரைந்தது. 17 கொண்டை ஊசி வளைவிலும் பென்சில் தானாக ஓடியது. அந்தப் படத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் டிரைவர்தான்.

இப்படியே காலம் தள்ளியிருப்பேன். ஆனால் அத்தை போடியில் ஒரு ஏலக்காய்க் கடைக்குக் காய் பொறுக்கப் போகிறாள். அவளோடு ஒருநாள் போய் மூலையில் உட்கார்ந்தேன். பெண்கள் வரிசையாகச் சம்மணம் போட்டிருந்தார்கள், எதிரே சுளகு. இடது கை காயைப் பரப்பிவிடும். வலது கையின் ரெண்டு விரல், வெளுத்தது, வெடித்தது, சொறி விழுந்தது எல்லாவற்றையும் கொத்திக் கொத்தித் தள்ளும். கண் சுளகிலும், பேச்சு மருமகளிலும் இருக்கும், விரல் நிற்காது. நான் ஒரு மணி நேரம் வரைந்தேன். ஆறு பேர், ஆறு முந்தானை.

பக்கத்தில் இருந்த பாட்டி நோட்டை வாங்கினாள். "மூஞ்சி என்னமோ கெடக்கு. கை எங்கய்யா?"

"முந்திக்குள்ள இருக்கு ஆத்தா."

"கையை முந்திக்குள்ள வச்சுக்கிட்டிருந்தா எனக்கு எவன் சம்பளம் குடுப்பான்?"

கடையே சிரித்தது. அத்தை மட்டும் தலை நிமிரவில்லை. வீட்டில் போய்ச் சொல்வதற்கு எடுத்துவைத்துக்கொண்டாள் என்று ராத்திரிதான் தெரிந்தது.

பாட்டி சுளகைத் தள்ளிவிட்டு வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்தா, எழுது." கட்டைவிரல் நகத்தின் ஓரம் பச்சை ஏறியிருந்தது. ஆள்காட்டி விரலின் நுனி தேய்ந்து வழவழப்பாக இருந்தது, ரேகையே காணோம். கணுக்கள் விரலைவிடப் பருத்திருந்தன. கையில் ஏலக்காய் வாசம். அவள் கூலி நேரம் போய்க்கொண்டிருந்தது, என் கை நடுங்கியது. முடித்து நீட்டினேன். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

"ஒண்ணு கூட இருக்கே. கூலியும் கூடக் கேக்கலாம்போல."

ஆறு விரல் போட்டிருந்தேன்.

ஓவியர் கோபுலுவுக்குப் பக்கவாதத்தில் வலது கை முடங்கியபோது, இடது கையால் வரையப் பழகிக்கொண்டார். எனக்கு ரெண்டு கையும் நன்றாக இருக்கின்றன; மற்றவர் கைதான் தகராறு. இதில் இன்னொரு கேலிக்கூத்து, ஊரையெல்லாம் அளந்தேனே, அந்தத் தாளம் என்ற சொல்லுக்கே உள்ளங்கை என்றுதான் பொருள். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை உள்ள நீளமும் முகமும் ஒரே அளவு. கையை வைத்துத்தான் உடம்பையே அளக்கிறார்கள். நான் அதைத் துண்டுக்குள் திணித்துவிட்டு ஓலையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது கை மட்டும் வரைகிறேன். இன்று வரை 31. ஐந்து விரலும் ஒழுங்காக இருப்பவை 22. மிச்சத்தில் நான்கு வாழைப்பூ, மற்றவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை.

போடி ரயில் நிலையத்திலோ பஸ் ஸ்டாண்டிலோ ஒருவன் நோட்டும் கையுமாக உங்களையே முறைத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து கையைக் கட்டிக்கொள்ளாதீர்கள். வெளியே வைத்து ரெண்டு நிமிடம் ஆடாமல் இருங்கள். டீ என் கணக்கு.