ராஜராஜன் ஆபீஸில் ஒரு டெமோ

பொம்மனஹள்ளியில் எங்கள் அடுக்ககத்துக்காரர்கள் மூன்று நாள் கலைவிழா நடத்துவதென்று தீர்மானித்தார்கள். பாட்டு, பரதம், ஒரு நாடகம், தோசை ஸ்டால். உடனே பாடகரைத் தேடினார்களா? சாஃப்ட்வேரைத் தேடினார்கள். பெங்களூரு ஆயிற்றே.

டெமோ காட்ட வந்த பையன் லேப்டாப்பை டிவியில் மாட்டினான். "ஆர்ட்டிஸ்ட் லிஸ்ட், பேமென்ட், ஒருத்தர் வரலைன்னா மாற்று ஆள், எல்லாம் ஒரே இடத்துல சார். இந்தியாவுலயே முதல் தடவை."

எனக்குப் பூர்வீகம் தஞ்சாவூர். வாயை அடக்க முடியவில்லை. "தம்பி, ஆயிரம் வருஷம் லேட்டு."

பெரிய கோயில் மதிலில் ராஜராஜ சோழன் வெட்டி வைத்திருப்பதும் இதே சமாசாரம்தான். அவருடைய 29-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1014 வாக்கில் எடுத்த கணக்கு. திருவையாறு, திருவாரூர், நாகப்பட்டினம் என்று ஊர் ஊராக இருந்த கோயில்களிலிருந்து 400 ஆடல் பெண்களைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து குடிவைத்தார். வருகிறாயா என்று அவர்களைக் கேட்டதற்கான கட்டம் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

மற்ற எல்லாக் கட்டமும் உண்டு. பெயர், பழைய கோயில், தளிச்சேரி என்கிற தெரு, சிறகு என்கிற வரிசை, வீடு. முதல் வரியில் இருப்பவர் திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு. அடுத்தவர் இரண்டாம் வீடு. இப்படியே வரிசையாகப் போகிறது. எங்கள் தெருவிலோ நாலாவது கிராஸுக்கு அடுத்து ஏழாவது கிராஸ் வருகிறது. பார்சல் கொண்டுவரும் பையன் தினமும் கண்ணீரோடு போன் பண்ணுகிறான். கல்வெட்டுப் பட்டியலில் ஒரு குறை, பெண்கள் பெயருக்கு முன்னெல்லாம் 'நக்கன்'. அகர வரிசையில் அடுக்கப் போனால் அத்தனை பேரும் 'ந'வில் வந்து நிற்பார்கள்.

சம்பளம் ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. ஆட்டுவிப்பவனுக்கு ஆடுகிறவளைவிட இரட்டிப்பு; மேனேஜர் என்ற சாதி அன்றே பிறந்தாயிற்று. நெல் அளக்கிற மரக்காலுக்குப் பெயர் ஆடவல்லான். நடராஜர் பெயரில் அளந்தால் குறைகிறது என்று எவன் வாய் திறப்பான்? குடை பிடிப்பவர், விளக்கேற்றுபவர், வண்ணார், நாவிதர், தையல்காரர், கணக்கர் என்று பட்டியல் நீள்கிறது. எங்கள் கமிட்டி மைக்செட்காரரையே மறந்திருந்தது.

"மாற்று ஆளுக்கு என்ன பண்ணாங்க?" என்று செயலாளர் கிண்டலாகக் கேட்டார்.

அதுதான் அந்தக் கல்லிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒருவர் செத்தாலோ, வேறு தேசம் போய்விட்டாலோ, அடுத்த உறவுக்காரர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைச் செய்யவேண்டும். அவருக்குத் தகுதி இல்லையா? தகுதியுள்ள ஒருவரைப் போட்டு வேலை வாங்கிக்கொண்டு நெல்லை வாங்கிக்கொள்ளலாம். உறவே இல்லையென்றால், அதே வேலை செய்கிற மற்றவர்கள் கூடி ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆன்சைட் போனவனுக்கு விதி இருக்கிறது, சப்-கான்ட்ராக்டுக்கும் விதி இருக்கிறது. இதைக் கேட்டதும் கமிட்டியில் நாலு பேர் தங்கள் கம்பெனியை நினைத்துப் பெருமூச்சு விட்டார்கள்.

"ஆனா எடிட் பண்ண முடியாதே சார்" என்றான் பையன். நியாயம்தான், உளிக்கு அன்டூ கிடையாது. ஆனால் பாஸ்வேர்டு மறந்துபோய் யாரும் வெளியே நிற்கவும் இல்லை.

கல்லில் கணக்கு ஏற்றியது தஞ்சாவூர்க்காரர்கள் மட்டுமா என்றால், இல்லை. சில்க் போர்டைத் தாண்டினால் மடிவாளா சோமேஸ்வரர் கோயில். அங்கே 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில், வேப்பூர்க்காரர் ஒருவர் வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ் நிலம் கொடுத்தது பதிவாகியிருக்கிறது. வேப்பூர்தான் நம்ம பேகூர். இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த நிலம் இன்றைக்குச் சதுர அடி என்ன போகும் என்று எல்லோரும் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார்கள். அரைமணி நேரம் டெமோ நின்றது.

கடைசியில் நாடகத்துக்கு வந்தோம். பெரிய கோயிலிலும் வைகாசித் திருவிழாவில் நாடகம் இருந்தது, பெயர் 'ராஜராஜேஸ்வர நாடகம்'. ராஜராஜனின் பேரன் இரண்டாம் ராஜேந்திரன், தன் ஆறாம் ஆட்சியாண்டில், அதை ஆடத் திருவாலன் திருமுதுகுன்றன் என்ற கூத்தருக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் ஒதுக்கினான். அந்தப் பேமென்ட் வவுச்சர் இன்றும் கல்லில் இருக்கிறது. நாடகம்தான் இல்லை. ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

பையனிடம் கேட்டேன்: "தம்பி, இதுல நாடகத்தோட ஸ்கிரிப்டை வைக்க இடம் இருக்கா?"

திரையை மேலும் கீழும் உருட்டினான். "ரிமார்க்ஸ்ல போட்டுக்கலாம் சார். இருநூறு எழுத்து வரைக்கும் ஏத்துக்கும்."