நாற்பது நிமிட பட்ஜெட்

எங்கள் பெரியப்பா பியானோ கற்றுக்கொள்வதென்று தீர்மானித்ததும் முதலில் வாங்கியது கீபோர்டு அல்ல. ஓர் அடி ஸ்கேலும் சிவப்பு மைப் பேனாவும்தான். அரசுத் துறை ஒன்றின் கணக்குப் பிரிவில் 34 வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். கட்டம் போடாமல் எந்தக் காரியத்திலும் இறங்க மாட்டார். மகள் கல்யாணத்தில் சாம்பார் வாளி எந்தப் பந்தியில் எத்தனை சுற்று வர வேண்டும் என்பதற்கே கட்டம் போட்டு, சமையல்காரரிடம் கையெழுத்து வாங்கியவர்.

பியானோவுக்கான கட்டம் ஃப்ரிட்ஜ் கதவில் ஏறியது. தலைப்பு: தினசரி சாதக ஒதுக்கீடு. ஸ்கேல்கள் 20 நிமிடம், விரல் பயிற்சி 20, நோட்டேஷன் படித்தல் 25, கார்டுகள் (சில ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்துவது) 15, இடதுகை தனியாக 15, பாட்டைக் காதால் கேட்டுக் கண்டுபிடித்தல் 15, தியரி 15. கடைசி வரியில், இடம் மிச்சமிருந்ததால் நுழைத்ததுபோல், பாட்டு 10. கூட்டினால் 135 நிமிடம்.

வரவுப் பக்கம்தான் இடித்தது. மாலை நடை முடிந்து வீட்டுக்கு வர 6.20 ஆகும். ஏழு மணிக்குப் பெரியம்மாவின் சீரியல். இடையில் இருப்பது நாற்பது நிமிடம். ஒரு நாளைக்குப் பற்றாக்குறை 95 நிமிடம். எத்தனையோ பற்றாக்குறைகளைப் பார்த்த மனிதர் இதற்கு அசருவாரா? "நிலுவை, அடுத்த நாளுக்குக் கொண்டுசெல்லப்படுகிறது" என்று சிவப்பில் எழுதிவிட்டுத் தூங்கப் போனார். முதல் மாதக் கடைசியில் நிலுவை 47 மணி 30 நிமிடமாகக் கொழுத்திருந்தது. பாட்டு வரிக்கு ஒரு நாள்கூட முறை வரவில்லை.

ஆனால் அவர் கற்றுக்கொள்ள வந்ததே பாட்டுக்காகத்தான். பெரியம்மா கல்யாணத்துக்கு முன் பத்து வருடம் கர்நாடக சங்கீதம் படித்தவர். இப்போதும் வெங்காயம் நறுக்கும்போது எழுபது, எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளைச் சுருதி பிசகாமல் பாடுவார். அவர் பாட, தான் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். இதுதான் பெரியப்பாவின் ஆசை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, கட்டத்திலும் எழுதவில்லை. எழுதியிருந்தால் பாதிக் கோளாறு அன்றே தீர்ந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தது 61 கட்டை கீபோர்டு. முழு பியானோவில் 88 கட்டை, அதாவது வெள்ளை 52, கறுப்பு 36. இதில் வெள்ளை 36, கறுப்பு 25. "இருபத்தேழு கட்டை குறையுது, விலையில் அந்த விகிதத்துக்குக் கழிவு உண்டா?" என்று கடையில் கேட்டிருக்கிறார். கடைக்காரர் பதிலுக்கு ஸ்டாண்டை இலவசமாகத் தந்து அனுப்பிவிட்டார்.

முதல் மூன்று வாரத்தை டோன் பட்டன் விழுங்கியது. இந்த மாதிரிக் கருவிகள் பலவற்றில், எல்லாக் கம்பெனிகளும் ஒப்புக்கொண்ட 128 ஒலிகளின் வரிசை ஒன்று இருக்கும். முதலாவது கிராண்ட் பியானோ. கடைசிப் பக்கமாகப் போனால் 124 பறவைக் கூச்சல், 125 டெலிபோன் மணி, 126 ஹெலிகாப்டர், 127 கைதட்டல், 128 துப்பாக்கிச் சூடு. பெரியப்பா சி மேஜர் ஸ்கேலை ஒருமுறை ஏறி இறங்குவார். உடனே 127-க்கு மாற்றி ஒரு கட்டையை அழுத்துவார். ஹால் முழுக்கக் கைதட்டல். இதற்குக் கட்டத்தில் ஒதுக்கீடு கிடையாது. தணிக்கை நடந்திருந்தால் மாட்டியிருப்பார்.

அடுத்தது ஹானன். சார்ல்-லூயி ஹானன் என்ற பிரெஞ்சுக்காரர் 1873-இல் வெளியிட்ட விரல் பயிற்சிப் புத்தகம். மொத்தம் அறுபது பயிற்சிகள். உலகம் முழுக்கப் பியானோ மாணவர்களை இன்றும் துரத்துகிறது. பழகிய கைக்குப் புத்தகம் முழுவதையும் வாசிக்க ஒரு மணி நேரம் போதும் என்று முன்னுரையில் ஹானன் சொல்கிறார். பெரியப்பாவுக்கு முதல் பயிற்சியின் முதல் பாதிக்கே ஒன்பது நாள் ஆயிற்று. இரண்டு கையும் ஒரே ஸ்வரங்களை ஒன்றாக ஓட்ட வேண்டும். அவருடைய இடது மோதிர விரலோ, ரிடையர் ஆவதற்கு ஒரு வாரம் இருக்கும் குமாஸ்தாபோல எந்தக் கோப்பையும் நகர்த்த மறுத்தது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசித்ததால் வீட்டாருக்கு இசை கேட்கவில்லை. பிளாஸ்டிக் கட்டைகளின் டக் டக் டக் மட்டும் கேட்டது. கீழ் வீட்டு அம்மாள் ஒரு நாள் மாடியேறி வந்து, "டைப் அடிக்கிற வேலை ஏதாவது எடுத்திருக்காரா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இதற்கிடையே ஆலோசனைகள். பெங்களூர் மச்சான், நோட்டேஷன் படிக்கத் தெரியாதவன் குருடன் என்றார். பழைய ஆபீஸ் நண்பர், நோட்டேஷன் பார்த்து வாசிப்பவனுக்குக் காது செவிடு என்றார். மருமகன் தியரிதான் அஸ்திவாரம் என்றார். அவர் வாசித்து யாரும் கேட்டதில்லை. இதில் ஒன்றையும் தவறு என்று தள்ள முடியாது, வம்பே அதுதான். கெட்ட ஆலோசனை என்றால் குப்பையில் போடலாம். நல்ல ஆலோசனை எட்டு ஒரே நேரத்தில் வந்து நின்றால், நாற்பது நிமிடத்தை எட்டாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் பிரசாதம் கொடுக்கத்தான் தோன்றும். பெரியப்பா அதையும் ஒரு மாதம் செய்து பார்த்தார். எட்டு விஷயத்திலும் எள்ளளவு முன்னேற்றம். கூட்டிப் பார்த்தாலும் எள்ளுருண்டை ஆகவில்லை.

மூன்றாம் மாதம் பேத்திக்கு எட்டாவது பிறந்தநாள் வந்தது. "தாத்தா, நீங்களே ஹேப்பி பர்த்டே வாசிங்க" என்றாள் குழந்தை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து ஹில் சகோதரிகள், பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை வணக்கப் பாட்டாக 1893-இல் வெளியிட்ட மெட்டு அது. மொத்தம் இருபத்தைந்தே ஸ்வரங்கள், மூன்றே கார்டுகள். பெரியப்பா வலது கையை மட்டும் இரண்டு வாரம் உருப்போட்டார்.

அன்று மாலை விளக்கை அணைத்தார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் கேக் தெரிந்தது, கீபோர்டு தெரியவில்லை. தடவிப் பிடித்து அவர் ஆரம்பிப்பதற்குள் இருபது குழந்தைகளும் பத்துப் பெரியவர்களும் முப்பது சுருதியில் ஆரம்பித்துவிட்டார்கள். தாளத்திலும் அந்தப் பாட்டு கொஞ்சம் பொல்லாதது. மூன்று எண்ணிக்கைச் சுற்றில் முதல் தட்டு 'பர்த்' என்ற இடத்தில் விழும். 'ஹேப்பி' அதற்கு முன்னாலேயே வாசலில் வந்து நிற்கும். எப்படியோ மூன்றாம் வரி வரை வந்தார். அங்கே மெட்டு ஒரே தாவலாக எட்டு ஸ்வரம் மேலே ஏறும். விரல் ஒரு கட்டை தள்ளி விழுந்தது. கணக்குப் பிரிவு ரத்தமாயிற்றே! தப்பை வைத்துக்கொண்டு மேலே போக மனம் வராமல், "ஒரு நிமிஷம்" என்று சொல்லி முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினார்.

அவர் முடித்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேக் பாதி தீர்ந்திருந்தது. பேத்தி வாயில் கிரீமோடு வந்து, "தாத்தா, நீங்க இன்னும் அதிலேயே இருக்கீங்களா?" என்றாள்.

மறு வாரம் ஒரு வாத்தியார் அமர்த்தப்பட்டார். வயது 24. ஞாயிறு காலை சர்ச்சில் கீபோர்டு, மற்ற நாள்களில் கல்யாணக் கச்சேரி. ஃப்ரிட்ஜ் கட்டத்தை மேலிருந்து கீழே படித்தார். "சார், இதில் 'நிக்காம வாசிக்கிறது' எந்த வரியில் இருக்கு?" என்று கேட்டார். எங்கும் இல்லை. "சர்ச்சில் முந்நூறு பேர் பாடுவாங்க சார். நான் தப்பா வாசிச்சா அவங்க நிக்க மாட்டாங்க. நான் நின்னா மாட்டிக்குவேன். தப்பு போய்க்கிட்டே இருக்கும், நாமளும் போய்க்கிட்டே இருக்கணும்."

பிறகு சிவப்புப் பேனாவை வாங்கி எட்டில் ஆறு வரிகளை அடித்தார். 34 வருடத்தில் பெரியப்பாவின் கட்டத்தில் இன்னொருவர் கைவைத்தது அதுவே முதல் தடவை. மிஞ்சியது இரண்டு வரி, புதிதாகச் சேர்ந்தது ஒன்று. கார்டு மாற்றம் 10 நிமிடம். ஒரே ஒரு பாட்டு, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை, எவ்வளவு மெதுவாகவும், 25 நிமிடம். அந்தப் பாட்டில் கை தடுக்கும் இடம் மட்டும் 5 நிமிடம். மற்றதெல்லாம் அடுத்த நிதியாண்டு.

பெரியப்பா விடவில்லை. "இளையராஜாவே தன்ராஜ் மாஸ்டர்கிட்ட முறைப்படி மேற்கத்திய சங்கீதம் படிச்சவர்தானே?" என்று மடக்கினார். "படிச்சார் சார். அதுக்கு முன்னாடி?" என்றார் வாத்தியார். அதற்கு முன்னாடி, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் மேடையில் ஆர்மோனியம் வாசித்த வருடங்கள் இருக்கின்றன. பாடுகிறவருக்குப் பின்னால் ஓடி ஓடி அந்தக் கை பழகிய பிறகுதான் தியரி வந்தது. அவர் இசையமைத்த முதல் படமான 'அன்னக்கிளி' 1976-இல் வந்தது. பெரியப்பாவிடம் பதில் இல்லை. காபி கொண்டுவரச் சொன்னார்.

கார்டு என்றால் ரேஷன் கார்டைவிடச் சிக்கலானது என்று அதுவரை நினைத்திருந்தார். வாத்தியார் சி-யை ச என்று வைத்துக்கொண்டு நாலே நாலு காட்டினார். சி மேஜர்: ச, க, ப. ஜி மேஜர்: நி, ரி, ப. ஏ மைனர்: ச, க, த. எஃப் மேஜர்: ச, ம, த. கை இடத்தைவிட்டுத் தாவவே வேண்டாம். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகப் பஞ்சமம் அப்படியே நிற்க, மற்ற இரண்டு விரலும் பக்கத்துக் கட்டைக்கு இறங்கினால் போதும். மூன்றாவதிலிருந்து நாலாவதுக்கு நகர்வது ஒரே விரல். அதுவும் பக்கத்துக் கட்டைக்குத்தான். பீட்டில்ஸின் 'லெட் இட் பீ' (1970) இந்த நாலு கார்டில், இதே வரிசையில்தான் ஆரம்பிக்கிறது. மேற்கத்திய பாப் பாட்டுகளில் இந்த நாலை வைத்தே பிழைப்பவை எத்தனையோ. நம் சினிமாப் பாட்டுகள் அவ்வளவு சுலபத்தில் மசியாது. பல்லவிக்கு நாலு போதும் என்று நம்பி உட்கார்ந்தால் சரணத்தில் ஐந்தாவது ஒன்று கதவைத் தட்டும்.

தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 என்று வைத்து, நாலு எண்ணிக்கைக்கு ஒரு கார்டு. பெரியப்பா உடனே கணக்குப் போட்டார். ஒரு சுற்றுக்கு 16 விநாடி. பத்து நிமிடத்துக்கு முப்பத்தேழரைச் சுற்று. "அந்த அரையை என்ன செய்ய?" என்றார். "முழுசாக்கிடுங்க சார்" என்றார் வாத்தியார்.

ஆறாவது வாரம் சமையலறையிலிருந்து பெரியம்மாவை அழைத்தார். பல்லவி ஆரம்பித்த உடனே பிரச்சினை. பெரியம்மாவுக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை. நம் ஊரில் சுருதிக்கே 'கட்டை' என்றுதான் பெயர். ஒரு கட்டை என்பது சி. ஐந்து கட்டை ஜி. ஐந்தரை அதற்கடுத்த கறுப்பு. பெரியப்பாவுக்குத் தெரிந்த நாலு கார்டும் ஒரு கட்டையில் இருந்தன. "ஏங்க, தொண்டை கிணத்துக்குள்ள போகுது, ஏத்துங்க" என்றார் பெரியம்மா. ஏற்றுவதென்றால் எல்லாக் கார்டையும் கறுப்புக் கட்டைகளில் புதிதாகப் படிக்க வேண்டும். நிலுவை மறுபடி கண்முன் தெரிந்தது.

வாத்தியார் ஒரு பட்டனைக் காட்டினார். டிரான்ஸ்போஸ். எட்டு முறை அழுத்தினால் எட்டு அரைக் கட்டை ஏறும். விரல் சி-யிலேயே இருக்க, சத்தம் ஐந்தரைக் கட்டையில் வரும். பெரியப்பாவுக்குக் கூச்சம். "இது ஏமாத்து இல்லையா?"

இர்விங் பெர்லின் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். 'ஒயிட் கிறிஸ்மஸ்' முதலாகப் பல நூறு பாட்டுகள் எழுதிய அமெரிக்கர். 101 வயது வாழ்ந்து 1989-இல் மறைந்தவர். அவருக்கு நோட்டேஷன் எழுதப் படிக்கத் தெரியாது. வாசிப்பும் பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளிலேயே. மற்றச் சுருதிகளுக்கு என்ன செய்தார்? கட்டைகளுக்கு அடியில் ஒரு நெம்புகோல் உள்ள தனி பியானோ வைத்திருந்தார். அதைத் திருகினால் விரல் பழைய இடத்தில் இருக்கச் சுருதி மாறும். அவருடைய பியானோ ஒன்று இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எதைக் கற்காமல் விடலாம் என்று அந்த மனிதர் தெளிவாக முடிவெடுத்திருந்தார். மிச்ச நேரத்தில் பாட்டு எழுதினார்.

கறுப்புக் கட்டை என்றதும் பெரியம்மாவே கீபோர்டுக்கு வந்து, மூன்று கறுப்பு சேர்ந்திருக்கும் கூட்டத்தின் முதல் கட்டையைச் சட்ஜமாக வைத்துக் கறுப்புகளை மட்டும் வரிசையாக அழுத்தினார். சுத்தமான மோகனம். பெரியப்பா திறந்த வாய் மூடவில்லை. இத்தனை மாதமாக அந்த ஐந்து கட்டைகளையும் தூசி மட்டும் துடைத்துவந்தவர் அவர். "கமகம்தான் வர மாட்டேங்குது, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வழியே இல்லை" என்று குறை சொல்லிவிட்டுப் பெரியம்மா அடுப்பைப் பார்க்கப் போனார்.

இப்போது கையிருப்பு மூன்று பாட்டு. மூன்றும் நிற்காமல் ஓடுகின்றன. இரண்டாவது பாட்டின் சரணத்தில் ஒரு தப்பான கார்டு தினமும் அதே இடத்தில் வருகிறது, பெரியம்மா அதற்கென்று குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்கிறார். சீரியல் சில நாள் 7.10-க்குத்தான் ஆரம்பிக்கிறது. பத்து நிமிடம் உபரி வந்திருப்பதால் ஸ்கேலுக்கு ஐந்து நிமிடம் துணை ஒதுக்கீடு கேட்டிருக்கிறார். வாத்தியார் இன்னும் ஒப்புதல் தரவில்லை.

அடுத்த மாதம் பேத்திக்கு ஒன்பது முடிகிறது. வருகிறவர்கள் எந்தக் கட்டையில் வேண்டுமானாலும் பாட ஆரம்பிக்கலாம். ஆனால் தயவுசெய்து அரை நிமிடம் முன்னால் பெரியப்பாவிடம் சொல்லிவிடுங்கள். பட்டனை எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று அவர் எண்ண வேண்டியிருக்கிறது; விளக்கையும் அணைக்காதீர்கள்.